மூன்றாம் மூட்டைச் சாம்பல்

போன மாதம் நிரோஷினி தொலைபேசியில் கூப்பிட்டாள். பதுளையில் நான் வேலை செய்து ஓய்வு பெற்ற ஆய்வுகூடத்தில், இப்போது என் நாற்காலியில் இருப்பவள் அவள்தான்.

"ஸ்டெல்லா அக்கா, பழைய படிவத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டிருக்கோம். சாம்பல் மூட்டை வாங்குற படிவத்துல மட்டும் பதினோரு கேள்வி இருக்கு. என்ன மரம், யார் அள்ளினது, மழையா வெயிலா, சாக்குல முன்னாடி என்ன இருந்துச்சு... பொண்ணு பாக்கப் போன எடத்துல கேக்குற மாதிரி கேட்டு வச்சிருக்கீங்களே! பாதியை எடுத்துடலாமா?"

"ஒரு கேள்வியைத் தொட்டாலும் பஸ் ஏறி வந்து உன் கம்ப்யூட்டர் மேலயே உக்காந்துக்குவேன்" என்றேன். அவள் சிரித்தாள். காரணத்தை எழுதித் தாருங்கள், டைரக்டரிடம் காட்டுகிறேன் என்றாள். ஒரு பக்கத்தில் முடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று வீட்டில் ஒரு புகார் உண்டு. எழுத ஆரம்பித்தாலும் அப்படித்தான் போலிருக்கிறது.

நான் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தேன், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பதுளையில் தோட்டத்து மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்கும் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் கழுவினேன். மூன்றாம் வருஷம் நிறுக்க விட்டார்கள். அதன்பிறகு அளவுக்குழாய் பிடிக்க விட்டார்கள். என் பயிற்சி இவ்வளவுதான். பட்டம் கிட்டம் எதுவும் இல்லை. வருஷாவருஷம் டிசம்பரில் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. அந்தக் கடிதம் வரும்வரை கிறிஸ்மஸ் கேக் தொண்டைக்குள் இறங்காது.

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து நாலைந்து வருஷம் ஆனபோது எங்கள் கூடத்துக்கு ஒரு புது வேலை வந்தது. எல்ல, பண்டாரவளைப் பக்கத்து விடுதிகளும் கடைகளும் பொரித்துவிட்டுக் கொட்டும் தேங்காயெண்ணெயைச் சேர்த்து, அதில் மெதனோலும் காரமும் கலந்து, டீசல் செய்வது. செய்தும் காட்டினோம். பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் ஒன்று அந்த டீசலில் ஓடியது. அது போகும் வழியெல்லாம் உளுந்து வடை வாசம். கொழுந்து எடுக்கும் பெண்கள், "பசியைக் கிளப்பிவிட்டுப் போகுது பாரு சனியன்" என்று திட்டுவார்கள்.

டீசல் மேலே மிதக்கும். அடியில் தங்குவது கிளிசரின். மருந்துக்கடையில் போத்தலில் விற்கும் பளிங்கு போன்ற கிளிசரின் என்று நினைத்துவிட வேண்டாம். இது கித்துள் பனைப் பாணி நிறத்தில், சவர்க்காரமும் மெதனோலும் மிச்சக் காரமும் கலந்து, மூக்கைப் பொத்த வைக்கும் ஒரு கூழ். யாரும் வாங்கமாட்டார்கள். ஓடையில் ஊற்றவும் கூடாது. எங்கள் பின்கொல்லையில் பீப்பாய் பீப்பாயாக நின்றது. ஒரு நாள் மழையில் ஒரு பீப்பாய் ஒழுகி, அதிலிருந்த சவர்க்காரம் நுரைத்து, வாசல் தாண்டி, படி இறங்கி, பிரதான வீதி வரைக்கும் வெள்ளையாகப் போனது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எங்களுக்கு மாநகரசபையிலிருந்து கடிதம்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வந்தவர் போலத்தான் தியாகராசா ஐயா வந்து சேர்ந்தார். எங்கள் புதுப் பொறுப்பதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர், இரசாயனத்தில் கலாநிதி. பதுளைக்குக் குளிரே இல்லை என்று வெலிமடைக்காரர்கள் சொல்வார்கள். ஐயா சித்திரை மாதத்திலும் கம்பளிச் சட்டையோடுதான் இருப்பார். காதில் ஒரு சிவப்புப் பென்சில். யாரையும் நீ என்று சொல்லமாட்டார், கூட்டித் துடைக்கும் அம்மாவிலிருந்து எல்லோரும் "நீர்"தான். கோபம் வந்தால் குரல் உயராது. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். சேர்ந்த முதல் வாரம் நான் ஒரு நிறையை "கிட்டத்தட்ட பத்து கிராமுங்க ஐயா" என்றேன். கண்ணாடி கழன்றது.

"கிட்டத்தட்ட எண்டு ஒரு இலக்கம் இல்லைப் பிள்ளை. தராசு என்ன சொல்லுதோ அதைச் சொல்லும்."

சுவரில் தன் கையெழுத்தில் விதிகள் எழுதி ஒட்டினார். முதலாம் விதி, ஆய்வுகூடத்தில் எதையும் வாயில் வைக்கக்கூடாது. எங்கள் பிளேன்டீ எல்லாம் வாசல் படிக்குப் போனது. அவரை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு, தன் பிழையைக்கூட அவர் அதே பென்சிலால் சுழித்து வைப்பதைக் கண்டபோது பிடித்துப்போனது.

ஐயாவின் யோசனை தோட்டத்தைப் பார்த்தே பிறந்தது. கிளிசரினையும் யூரியாவையும் சேர்த்துச் சூடாக்கினால் அமோனியா பிரிந்து போய், கிளிசரின் கார்பனேட் என்ற திரவம் கிடைக்கும். பெயின்டுக்கும் பூச்சுக்கும் அது நல்ல விலை போகிற சரக்கு. யூரியா ஒவ்வொரு தோட்டத்து உரக் களஞ்சியத்திலும் மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஆனால் சும்மா சூடாக்கினால் வேலை நடக்காது, தூண்டிவிட ஒன்று வேண்டும். அதற்குத் துத்தநாகம். தேயிலைக்குத் தெளிக்கும் சிங்க் சல்பேட்டும் தோட்டத்திலேயே உண்டு. துத்தநாகத்தைத் தனியாகப் போட்டால் கரைந்து தொலைந்துவிடும். பிடித்துக்கொள்ள ஒரு தளம் வேண்டும், அதில் ஒட்டவைத்தால் வடிகட்டி எடுத்து மறுபடி மறுபடி பாவிக்கலாம். தளத்துக்கு ஐயா தேர்ந்தெடுத்தது விறகுச் சாம்பல். தேயிலை காயவைக்க இரவு பகலாக விறகு எரியும் இடத்தில் சாம்பலுக்கா பஞ்சம்?

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், கைக்கு இன்னும் மறக்கவில்லை. முதலில் கிளிசரினைச் சுத்தம் செய்ய வேண்டும். அமிலத்தைத் துளித்துளியாக விட்டால் சவர்க்காரம் உடைந்து கொழுப்பு மேலே வரும், உப்பு அடியில் படியும். நடுவில் நிற்பதை மட்டும் எடுக்க வேண்டும். சாம்பலைச் சலித்து, சிங்க் சல்பேட் கரைசலில் ஊறவைத்து, சோடாக் காரம் விட்டு, வடித்து, காயவைத்து, மின் உலையில் வைத்தால் பழுப்பு வெள்ளையாக ஒரு தூள் கிடைக்கும். அந்தத் தூளோடு கிளிசரினையும் யூரியாவையும் மூன்று வாய்க் குடுவையில் போட்டு, எண்ணெய்த் தொட்டியில் நாலு மணி நேரம் சூடாக்குவோம். பிரியும் அமோனியாவை ஒரு பம்ப் இழுத்து அமிலத் தண்ணீருக்குள் விடும். எவ்வளவு அமோனியா வந்தது என்று அளவுக்குழாயால் பார்த்தால் எவ்வளவு வேலை நடந்தது என்று தெரிந்துவிடும். சிவப்பு மஞ்சளாகும் அந்த ஒரு துளியில்தான் எல்லாம் இருக்கிறது. முடிந்ததும் அந்த அமோனியாத் தண்ணீர் தேயிலைக்கு உரமாகும். கூடத்து வாசலில் நின்ற நாலு தேயிலைச் செடிகள் அந்த வருஷம் திமிர் பிடித்து வளர்ந்தன.

சாம்பல் வந்தது என் பிறந்த தோட்டத்திலிருந்துதான். எங்கள் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போடும் மாரிமுத்து அண்ணன் தோட்டத்து லொறியில் மூட்டையை ஏற்றிவிடுவார். முதல் மூட்டையில் வேலை நன்றாக நடந்தது, ஆனால் ஒரே தடவைதான். வடித்து எடுத்து இரண்டாம் தடவை போட்டால் தூள் செத்துப்போயிருக்கும். இரண்டாம் மூட்டையில் கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் கிடந்தன. ஐயா அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாம் மூட்டை வந்தது.

மூன்றாம் மூட்டையை என்னவென்று சொல்வேன்! முதல் தடவை கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தது. வடித்து எடுத்து மறுபடி போட்டேன், நடந்தது. மூன்றாவது தடவை, நாலாவது தடவை, ஐந்தாவது தடவையும் நடந்தது. முதல் தடவைக்கும் ஐந்தாம் தடவைக்கும் வித்தியாசம் அளவுக்குழாயில் சில கோடுகள்தான். ஐந்து ஓட்டமும் நான் தனியாகச் செய்தவை. ஐயா அப்போது கொழும்பிலும் பேராதனையிலுமாக அலைந்துகொண்டிருந்தார். வந்து என் குறிப்பேட்டைப் பார்த்தவர் அன்றைக்கு ஒரு காரியம் செய்தார். வாசல் படியில் வந்து எங்களோடு உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். மறுநாளே என் இலக்கங்களைக் கொழும்பிலிருந்த எங்கள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். ஒரு குழு நேரில் வந்து பார்க்கும் என்று பதில் வந்தது.

நாலாம் மூட்டையில் இரண்டாம் ஓட்டமே செத்தது.

நான் செய்தேன், செத்தது. ஐயா தன் கையால் செய்தார், செத்தது. புது சிங்க் சல்பேட் பாக்கெட் உடைத்தோம். வெப்பமானியை மாற்றினோம். தராசைச் சரிபார்த்தோம். ஐந்தாம் மூட்டை வரவழைத்தோம், அதுவும் அப்படியே. மூன்றாம் மூட்டை ஒரு பிடிகூட மிச்சமில்லை. ஐந்து தடவை பாவித்த தூளையும் நான்தான் பரிசோதனைக்கென்று அமிலத்தில் கரைத்துத் தொலைத்திருந்தேன். அந்த ஐந்து ஓட்டமும் நடந்ததற்கு என் குறிப்பேட்டைத் தவிர உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லை.

கொழும்பு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, நான் பக்கத்து அறையில் இருக்கிறேன் என்று தெரிந்தே ஐயாவிடம் சொன்னார். "பட்டம் படிச்ச ஆள் இல்லையே. வரவேண்டிய இலக்கம் எதுன்னு தெரிஞ்சா, இவங்க அதையே எழுதி வச்சிருவாங்க." ஐயா பதில் சொன்னது என் காதில் விழவில்லை. சொன்னாரா என்பதும் தெரியாது.

அன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். என் குறிப்பேடு மேசையில் விரித்திருந்தது. ஐந்து பக்கத்திலும் ஓரத்தில் சிவப்புக் கேள்விக்குறி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஸ்டெல்லா, நீர் கண்டதைத்தானே எழுதினனீர்?"

"ஆமாங்க ஐயா."

"வடிவா யோசிச்சுச் சொல்லும். அந்த ஐஞ்சு தரமும் மஞ்சள் வந்த துளியை நீர் கண்ணால கண்டனீரோ?"

"கண்டேங்க ஐயா."

கண்ணாடி துடைத்து முடியவில்லை. "அடுத்த வெள்ளிக்குள்ள காரணம் கிடைக்காட்டில் நான் கொழும்புக்கு எழுதவேணும். இந்தக் கூடத்துப் பதிவுகள் நம்பக்கூடியதில்லை எண்டு எழுதவேணும். வேற வழி இல்லை."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வேலை போனால் போகட்டும், தையல் மெஷின் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அது ஆறுதலாக இல்லை. பொய் எழுதினவள் என்று ஒரு அரசாங்கக் கடிதத்தில் இருந்தால் எந்தக் கூடத்தில் என்னை உள்ளே விடுவார்கள்? பத்து வருஷம் ஒரு துளிக்காகக் கண்ணை நட்டுவைத்து உட்கார்ந்தவள் நான். அந்தக் கண்ணைத்தான் அவர் சந்தேகப்பட்டார். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

மறுநாள், சனிக்கிழமை காலையில் களஞ்சிய அறைக்குப் போனேன். தண்ணீர், சிங்க், யூரியா, கிளிசரின் எல்லாம் பார்த்தாயிற்று. மிச்சம் சாக்குகள்தான். சாக்குகளில் மிச்சமிருந்ததை வாளியில் கொட்டிவிட்டு, ஒவ்வொன்றாக உட்புறம் வெளியே வரப் புரட்டி உதறினேன். ஒன்று, நாலு, ஐந்து எல்லாவற்றிலும் வெறும் சாம்பல். மூன்றாம் சாக்கின் அடித்தையலில் ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்தேன். வாடின கொழுந்து. கருகின இலை இல்லை, ஸ்டோரில் தேயிலை வாட்டும் மாடியில் கிடக்குமே, பச்சை மாறாமல் துவண்ட கொழுந்து, அது. இரும்பே சிவக்கும் நெருப்பிலிருந்து வந்த சாம்பலில் பச்சைக் கொழுந்து எப்படி இருக்கும்? அடுப்பை விட்டு வெளியே வந்தபிறகு அந்தச் சாம்பல் வேறு எங்கேயோ போய்விட்டு வந்திருக்கிறது.

அரைநாள் லீவு போட்டு பஸ் ஏறினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஸ்டோரில் மாரிமுத்து அண்ணன் விறகை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். ஆறடி உயரம், புருவமே இல்லாத முகம். புருவத்தை நெருப்பு எப்போதோ வாங்கிக்கொண்டது.

"மூணாவது மூட்டை எங்கண்ணே போயிட்டு வந்துச்சு?"

"எங்க போகும்? அடுப்புலயிருந்து சாக்குக்கு, சாக்குலயிருந்து லொறிக்கு."

"உள்ள கொழுந்து இருந்துச்சே."

ஒரு விறகுக் கட்டை கையிலிருந்து விழுந்தது. "இங்க காத்துல என்னமும் பறக்கும் தங்கச்சி. நீ போய் அக்காவப் பாரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று திரும்பிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். முதுகே சொல்லியது.

லயத்துக்குப் போனேன். அவர் மனைவி பாக்கியம் அக்கா தேத்தண்ணீரோடு நேற்றுச் சுட்ட ரொட்டியும் தந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, என் வேலை போகப்போகிறது என்பதை மட்டும் சொன்னேன். கடைசியாக வந்த சாம்பல் எல்லாம் மோசம், மூன்றாம் மூட்டை மட்டும்தான் நல்லது, ஏன் என்று தெரியாமல் மாட்டிக்கொண்டேன் என்றேன்.

"நல்லாத்தானே இருக்கும்!" என்றார் பாக்கியம் அக்கா. "அஞ்சு தண்ணி ஊத்திக் கழுவினது யாரு? என் கையெல்லாம் வெந்து ஒரு வாரம் ரொட்டி தட்ட முடியல."

ரொட்டியைத் தட்டில் வைத்தேன். "சாம்பலையா கழுவுனீங்க?"

"பின்ன? ஒங்க ஐயா கடுதாசி எழுதிட்டாரே!"

விஷயம் இதுதான். இரண்டாம் மூட்டையைத் திருப்பி அனுப்பியபோது ஐயா கூடவே ஒரு கடிதம் வைத்திருந்தார். 'சாம்பல் அசுத்தமாக உள்ளது, ஏற்க முடியாது' என்று ஒரே வரி. ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் அதைக் காலைப் பெரட்டில், அத்தனை பேரும் வேலைக்குப் பிரிந்து போக நிற்கும் இடத்தில், சத்தமாக வாசித்துவிட்டார். இருபது வருஷம் அடுப்புப் பார்த்த மனுஷனுக்கு அது பெரிய மானக்கேடு. சாம்பல் அழுக்கு என்று சொல்லிவிட்டார்களா, அப்படியானால் கழுவித்தான் அனுப்புவேன் என்று புருஷனும் பெண்சாதியும் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரில் அண்டா அண்டாவாகக் கழுவியிருக்கிறார்கள். விருந்துக்கு அரிசி களைவது போல.

அதற்குள் மாரிமுத்து அண்ணன் வந்துவிட்டார். அக்கா சொல்லிவிட்டதை என் முகத்தில் கண்டுகொண்டு வாசல் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ மழை தங்கச்சி. வெயிலே இல்ல. ஈரச் சாம்பல எங்க காயவைக்கிறது? ஞாயித்துக்கிழமை, கொழுந்து வராது. மாடியில சூட்டுக் காத்து சும்மாதானே கெடக்கு. கொண்டுபோய் பரப்பிட்டேன்." குரல் இறங்கியது. "தேயிலை வாட்டுற எடத்துல சாம்பல் பட்டுச்சுன்னு தொரைக்குத் தெரிஞ்சா என்னைய நிப்பாட்டிருவாங்க. ரெண்டு தடவ கூட்டிக் கழுவிட்டுத்தான் வந்தேன். அப்புறம் அந்தப் பக்கமே போகல. நாலாவது மூட்டைய சலிச்சு மட்டும் அனுப்பினேன். நீ எழுதிப்புடாத தாயி."

"மாடிய எழுதமாட்டேன். ஆனா எவ்வளவு கழுவினீங்கன்னு சரியாச் சொல்லணும். அஞ்சு தண்ணின்னா எவ்வளவு தண்ணி?"

"தண்ணிக் கணக்கெல்லாம் அவ கணக்கு. நான் நாக்குல வச்சுப் பாத்தேன். மொதத் தண்ணி சுள்ளுன்னு சுட்டுச்சு. அஞ்சாவது தண்ணி வெறும் பீலித் தண்ணி மாதிரி இருந்துச்சு. போதும்னு நிப்பாட்டினேன்."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் லீக்ஸ் கட்டோடு உட்கார்ந்திருந்த வெலிமடை அம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். சிரிப்புக்கு நடுவே ஒன்று உறுத்தியது. நான் உண்மைதான் எழுதினேன் என்று நிரூபிக்கப் போகிறேன், அதே வாயால் ஐயாவிடம் ஒரு பொய் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் மாரிமுத்து அண்ணனுக்கு வேலை போகும். ஹாலிஎலச் சந்தி தாண்டும்போதுதான் வழி தெரிந்தது.

திங்கட்கிழமை காலையில் ஐயாவிடம் கழுவிய கதையைச் சொன்னேன். அவர் காதிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பொட்டாசியம். சாம்பலில இருக்கிற காரம் எல்லாம் தண்ணியோட போயிருக்கு. கழுவாத சாம்பலில அது கிளிசரினில கரையுது, கரையேக்க துத்தநாகத்தையும் கழட்டிக்கொண்டு போகுது. கழுவினதில போறதுக்கு ஒண்டும் இல்லை, அதுதான் நிண்டிருக்கு." தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். "சரி. எங்க காயவிட்டவை?"

"அதை மட்டும் கேக்காதீங்க ஐயா."

கண்ணாடி கழன்றது.

"எங்க காஞ்சாலும் ஒண்ணுதான்னு நான் செஞ்சு காட்டுறேங்க. அடுப்படியில ஒண்ணு, நம்ம மின் அடுப்புல ஒண்ணு, வெயில் வந்தா வெயில்ல ஒண்ணு. மூணும் ஒரே மாதிரி நின்னா அந்தக் கேள்வி தேவையில்லை. நிக்காட்டி, வேணும்னா அப்போ கேளுங்க."

வெகுநேரம் துடைத்தார். அவ்வளவு நேரம் அவர் துடைத்து நான் பார்த்ததே இல்லை. "காட்டும்" என்றார்.

ஐந்தாம் மூட்டையின் மிச்சத்தை எடுத்துக் கழுவத் தொடங்கினோம். ஒவ்வொரு தண்ணீரையும் ஐயா காரம் அளக்கும் மீட்டரில் வைத்துப் பார்த்துக் குறித்தார். நாலாம் தண்ணீரில் மீட்டர் முள் நிற்காமல் ஆடியது, பழைய மீட்டர். ஐயா சுற்றுமுற்றும் பார்த்தார். கூட்டித் துடைக்கும் அம்மா இருந்தார், நான் இருந்தேன், பின்னால் சுவரில் முதலாம் விதி இருந்தது. கலாநிதி தியாகராசா ஐயா சுண்டுவிரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணியது.

"இன்னும் ஒரு தண்ணி வேணும்" என்றார்.

அந்த அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடிப்போய்ச் சிரித்தார். எனக்கு ஓடவும் முடியவில்லை. ஐந்தாம் தண்ணீருக்கு மீட்டரும் நாக்கும் ஒத்துப்போயின.

வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. கழுவிய சாம்பலை மூன்று பங்காக்கிக் காயவைத்தோம். கடவுள் புண்ணியத்தில் செவ்வாய்க்கிழமை வெயிலும் அடித்தது. குடுவைகளை வரிசையாக வைத்து, காலையிலிருந்து பின்னேரம் வரை அடுத்தடுத்து ஓட்டினோம். நான் எந்த அளவுக்குழாயையும் தொடவில்லை. தொடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சூடாக்கியது, வடித்தது, துளி விட்டது எல்லாம் ஐயா. நான் என் பழைய குறிப்பேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். முதல் ஓட்டம் மெதுவாக நடந்தது. இரண்டாவது நின்றது. மூன்றாவதும் நின்றது. மூன்று பங்கும் ஒன்றை ஒன்று பார்த்து எழுதியது போல ஒரே மாதிரி இருந்தன. எங்கே காய்ந்தது என்ற கேள்வியை ஐயா அதன்பிறகு எழுப்பவே இல்லை. மாரிமுத்து அண்ணன் ஓய்வு பெற்றுப் பல வருஷமாயிற்று, அதனால்தான் மாடியை இப்போது எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஐந்தாம் ஓட்டம். அமோனியாத் தண்ணீரை எடுத்து, நிறங்காட்டி விட்டு, குனிந்து நின்று துளித்துளியாக விட்டார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு, மஞ்சள். நிமிராமலே அளவை வாசித்தார். தசமம் வரைக்கும் சொன்னார். பிறகு கையை நீட்டினார். நான் குறிப்பேட்டின் ஐந்தாம் ஓட்டப் பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். இரண்டு இலக்கங்களுக்கும் இடையில் அரைக் கோடு வித்தியாசம்.

கொழும்புக்குப் போகவேண்டிய கடிதம் போகவில்லை. வேறு கடிதம் போனது. அதில் செய்முறையின் முதல் வரியாக, சாம்பலைக் காரச்சுவை நீங்கும்வரை ஐந்து முறை கழுவுதல் என்று ஐயா எழுதினார். கழுவும் முறையைக் கண்டவர்கள் என்று மாரிமுத்து, பாக்கியம் இருவர் பெயரும் போட்டார். தோட்டத்துக்கும் ஒரு கடிதம் போனது. முந்திய கடிதத்துக்கு வருந்துவதாகவும், இதையும் பெரட்டில் சத்தமாக வாசிக்கும்படியும். வாசித்தார்களாம். மாரிமுத்து அண்ணன் அன்றைக்குச் சட்டை போட்டுக்கொண்டு விறகு போட்டாராம்.

குழு வந்தது, பார்த்தது, வேலை இன்னும் சில வருஷம் தொடர்ந்தது. நிரோஷினி பாதியை எடுக்கக் கேட்ட அந்தப் பதினோரு கேள்வியையும் நான் எழுதி வைத்தது அப்போதுதான். அதெல்லாம் பிறகு. எனக்கு மறக்காதது அந்த வெள்ளிக்கிழமைதான். இலக்கங்களைப் பார்த்து முடித்ததும் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஸ்டெல்லா, நீர் கண்டதைத்தான் எழுதினீர். நான்தான் உம்மை நம்பேல்லை. அது என்ர பிழை."

பெரியவர்கள் இப்படிச் சொன்னால் உடனே "ஐயோ, பரவாயில்லைங்க" என்று சொல்லத்தான் எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கியிருக்கிறார்கள். தோட்டத்துத் துரைக்கும் சொல்வோம், டாக்டருக்கும் சொல்வோம், காலை மிதித்தவனுக்கும் சொல்வோம். என் வாய்க்கு அது வந்துவிட்டது. பல்லுக்குப் பின்னால் நின்றது. விழுங்கிவிட்டேன்.

"ஆமாங்க ஐயா" என்றேன். "பிழைதாங்க."

அவர் தலையை ஆட்டி, சரி என்று ஒப்புக்கொண்டு, எழுந்து போய் இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினார்.